புயலுக்குப் பின் உடைந்த கடல் சுவர்: யாரிடம் போவது, என்ன கொண்டுபோவது

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்த மறுநாள் காலையில், எங்கள் ஊர்க் கரையில் நூறு பேராவது நின்றிருப்பார்கள். எல்லார் கையிலும் போன். கல் சுவர் உட்கார்ந்துபோன இடத்தை ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து மனு எழுத உட்கார்ந்தபோது அந்தப் படங்களில் ஒன்றுகூட உதவவில்லை. எல்லாவற்றிலும் கல்லும் நுரையும்தான். எந்த இடம், எத்தனை நீளம், எந்தப் பக்கம் வடக்கு என்று எடுத்தவருக்கே சொல்லத் தெரியவில்லை.

அப்போது நான் வார்டு உறுப்பினராகி ஒரு வருடம் சொச்சம். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் எங்களுடையது ஒரு மீனவ ஊர். சுவர் உடைந்தால் யாரிடம் போவது என்று எனக்கும் தெரியாது, தலைவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது ஓரளவு தயாராக இருந்தோம். கடலோர ஊராட்சிக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஊர் பஞ்சாயத்தில் புதிதாக உட்கார்ந்த இளைஞர்கள், கடற்கரையோரம் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் ஆகியோருக்காக அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: சுவர் யாருடையது?

புயல் வருவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை இது. வந்த பிறகு செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

கடற்கரை நிலம் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. அதன்மேல் நிற்கும் கல் சுவரை இன்ன துறைதான் என்றென்றும் பராமரிக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடிக்கும் சட்டத்தை நான் பார்த்ததில்லை. கடல் அரிப்பைத் தடுப்பது மாநில அரசின் வேலை. டெல்லி தொழில்நுட்ப ஆலோசனை தரும், சில திட்டங்களில் பணமும் தரும். மாநிலத்துக்குள் பார்த்தால், கட்டியவர் யாரோ அவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

கட்டியவர்கள் பல பேர். கரையோரமாக நீளவாக்கில் கிடக்கும் கருங்கல் தடுப்புச் சுவர் நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம். 2021 வரை அது பொதுப்பணித் துறைக்குள் இருந்தது, ஆகவே பழைய கல்வெட்டுகளில் பொதுப்பணித் துறை என்றுதான் இருக்கும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு, முகத்துவாரத்தில் இரண்டு பக்கமும் போடும் நேர்கல் சுவர், மீன் இறங்குதளம் போன்றவற்றை மீன்வளத் துறை கட்டியிருக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடல் நெருங்கும் இடத்தில் சாலைக்காரர்களும் உள்ளே வருவார்கள். சுனாமிக்குப் பின் வந்த பணத்தில் என்னென்னவோ கட்டப்பட்டன. சில ஊர்களில் யார் கட்டியது என்பதே ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் தென்பாதியை ஒரு துறையும் வடபாதியைப் பிறகு வந்த இன்னொரு துறையும் போட்டிருந்தன. உடைந்த இடம் சரியாக அந்த ஒட்டு. நேரில் பார்க்க வந்த ஒரு பொறியாளர், "மேடம், இது எங்க வரம்புல வராது, அந்தத் துறையில கேளுங்க" என்றார். அந்தத் துறையில் கேட்டால், "அது அவங்க வேலையோட தொடர்ச்சிதானே" என்றார்கள். அப்படியே நான்கு மாதம் போனது.

வழி என்ன? கல்வெட்டைத் தேடுங்கள், கள்ளிக்குள் மறைந்திருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் சொத்துப் பதிவேடு கேளுங்கள். கல் ஏற்றி வந்த லாரி ஓட்டியவர் உள்ளூர்க்காரராக இருந்தால் அவருக்கே நிறையத் தெரியும். இவ்வளவும் செய்துவிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுவிடுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

சாதாரண மனு கொடுத்தால், "எங்கள் துறையைச் சார்ந்ததல்ல" என்று திருப்பி அனுப்பிவிடலாம். தகவல் உரிமை மனுவில் அந்த விளையாட்டு செல்லாது. சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் அவர்களே 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்பிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆக, தவறான கதவைத் தட்டினாலும் மனு சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும். கேட்க வேண்டியவை இவை: எந்த ஆண்டு கட்டப்பட்டது, எந்தத் திட்டத்தில், எத்தனை மீட்டர், கடைசியாக எப்போது பராமரிப்பு நடந்தது, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியின் (கடற்கரையில் கட்ட வாங்க வேண்டிய அனுமதி) நகல் எங்கே. "ஏன் பராமரிக்கவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். அது கேள்வி, தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அப்படி ஒருமுறை ஆயிற்று.

ஊருக்கு இரண்டு பஞ்சாயத்து

வெளியூரிலிருந்து வந்தவர்கள் தடுமாறும் இடம். மீனவ ஊரில் தேர்தலில் வந்த கிராம ஊராட்சி ஒன்று, நாட்டாரும் பஞ்சாயத்தாரும் உட்காரும் ஊர் பஞ்சாயத்து ஒன்று. அரசாங்கக் காகிதத்தில் முன்னதுதான் இருக்கும். கரையில் பின்னது சொல்வதுதான் நடக்கும். இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கொண்டுவராமல் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். ஊர் பஞ்சாயத்து ஒரு பக்கம் கல் கேட்டு, ஊராட்சி இன்னொரு பக்கம் இறங்குதளம் கேட்டு, இரண்டுமே கிடைக்காமல் போன கதை பக்கத்திலேயே இருக்கிறது.

கோடிகள் விழுங்கும் கடல் சுவர் ஊராட்சியின் பணத்தில் நடக்கிற காரியமில்லை. அப்படியானால் ஊராட்சிக்கு என்னதான் பொறுப்பு? 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். அதே சட்டம், தன் எல்லைக்குள் நிவாரணம், மறுசீரமைப்பு வேலைகளை மாவட்டத் திட்டப்படி செய்யும் கடமையை உள்ளாட்சிக்கும் வைத்திருக்கிறது. சுவர் இருக்கிறதா, இறங்கியதா, எப்போது, எவ்வளவு என்று கணக்கு வைக்கும் வேலையும் ஊராட்சியுடையது. இதைச் சட்டம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அதை நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

தீர்மானத்துக்குக் கிராம சபைதான் இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். வாடைக் காற்று தொடங்கும் நேரத்தில் வரும் அக்டோபர் 2-உம் நவம்பர் 1-உம் நமக்கு முக்கியம். புயலுக்கு முன்பே, "சுவரின் இப்போதைய நிலை இது" என்று அளவோடு ஒரு தீர்மானம் ஏறியிருந்தால், பிறகு "இது பழைய சேதம்" என்று யாரும் சொல்ல முடியாது. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சிகளில் இது இன்னும் அவசியம். அவருக்கு ஊரும் புதிது, கடலும் புதிது.

கயிறும் சிவப்புப் பெயின்ட்டும்

இதுதான் நாங்கள் கண்டுபிடித்தவற்றில் மலிவானது. உபயோகமும் இதில்தான் அதிகம்.

வலைக்குப் போடும் நைலான் கயிற்றில் 10 மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு துணித்துண்டு கட்டினோம். எங்கள் பெரியவர்கள் பாகத்தில் அளப்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அலுவலகத்தில் பாகம் செல்லாது, மீட்டர்தான். நகராத ஓர் இடத்தைத் தொடக்கமாக வைத்தோம்: வலைக்கூடத்தின் தென்கிழக்கு மூலை. அங்கிருந்து வடக்கே கயிற்றை இழுத்துக்கொண்டே போய், ஒவ்வொரு முடிச்சுக்கும் நேரே இருக்கும் பெரிய கல்லில் ஊர்ப் பக்கம் பார்த்த முகத்தில் சிவப்பு எனாமல் பெயின்ட்டால் எண் எழுதினோம். 1, 2, 3 என்று 31 வரை. ஒரு லிட்டர் டப்பாவும் ஒரு மத்தியானமும் போதுமாக இருந்தது. பசங்கள் தங்கள் பெயரையும் எழுதப் பார்த்தார்கள். அதைத் தடுப்பதுதான் பெரிய வேலை.

இதன் பலன் ஃபெஞ்சல் முடிந்த காலையில் தெரிந்தது. "பதினாலுக்கும் பதினேழுக்கும் நடுவுல போயிடுச்சு" என்று ஒருவர் போனில் சொன்னார். இடம், நீளம், எல்லாம் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது.

படம் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. இடக்குறியீடும் நேரமும் படத்திலேயே பதியும் கேமரா ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலைக்குப் படம் எடுக்கிறவர்களைக் கேட்டால் காட்டிக்கொடுப்பார்கள். படத்தில் எப்போதும் நகராத பொருள் ஒன்று வரட்டும்: மேல்நிலைத் தொட்டி, கோயில் கோபுரம், ஹைமாஸ்ட் விளக்கு. ஒரே இடத்தில் நின்று தெற்கே பார்த்து ஒன்று, வடக்கே பார்த்து ஒன்று. மார்ச் மாதத்திலும் அதே இடத்தில் நின்று எடுங்கள். வாடைக் காலத்தில் கடல் அறுத்துக்கொண்டு போன மணலில் ஒரு பங்கு மாசி, பங்குனியில் திரும்பி ஏறும். அந்த நேரத்தில் ஆய்வுக்கு வருகிறவர் அகலமான கரையைப் பார்த்துவிட்டு, "பிரச்சினை பெரிதாக இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். டிசம்பர் படமும் மார்ச் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அவருக்கு விஷயம் புரியும்.

புயல் ஓய்ந்த அன்றே சரிந்த கல்மேல் ஏறி நிற்காதீர்கள். உள்ளே பொந்தாக இருக்கும், கல் உருளும். உயிருக்கு ஆபத்து என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

சுவரைப் படிப்பது

"சுவர் உடைஞ்சுபோச்சு" என்று எழுதினால் போதாது. எப்படி உடைந்தது என்பதைப் பொறுத்துத்தான் வேலை மாறும், செலவும் மாறும். கருங்கல் சுவர் என்பது கண்டபடி கொட்டிய கல் அல்ல. ஒழுங்காகப் போட்டிருந்தால் அடியில் ஜியோ டெக்ஸ்டைல் விரிப்பு (தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்து வைக்கும் செயற்கைத் துணி), அதன்மேல் சிறு கல், அதற்கு மேல் நடுத்தரக் கல், கடல் பக்கம் வெளிப்போர்வையாக டன் கணக்கில் எடையுள்ள பெரும் கல் என்று அடுக்கடுக்காக இருக்கும்.

நான் கவனித்தவரை சேதம் நான்கு விதமாக வரும். மிக ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாதது: சுவரின் கடல் பக்கத்துக் காலடியில் அலை மணலைத் தோண்டிவிடும், அடிக்கல் இறங்கிவிடும். மேலே பார்த்தால் சுவர் நன்றாகத்தான் நிற்கும், ஆனால் முகம் முன்பைவிடச் செங்குத்தாக இருக்கும். அடுத்த புயலில் மொத்தமாகச் சரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக இறங்கும் நேரத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். இரண்டாவது எல்லாருக்கும் தெரிவது, அதாவது மேல்மட்டம் தாழ்ந்து அலை தாண்டி வருவது. மூன்றாவது, சுவர் நிற்கும், அதன் பின்னால் நம் பக்கத்தில் பள்ளம் விழும். தாண்டி வந்த தண்ணீர் திரும்பும்போது கல் இடுக்கு வழியாக மண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம், உள்ளே விரிப்பு கிழிந்திருக்கும் அல்லது முதலிலேயே போட்டிருக்க மாட்டார்கள். இதற்கு மேலே இன்னும் நாலு லோடு கல் கொட்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதைத்தான் பெரும்பாலும் செய்வார்கள். நான்காவது, சுவர் முடியும் முனைக்கு அப்பால் கடல் பிறை மாதிரி உள்ளே கடிப்பது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவே இந்த நான்கில் எது என்று ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பொறியாளர் வரும்போது அந்த நோட்டைக் கையில் கொடுங்கள். "இதை யாரு சொல்லிக் குடுத்தது?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் பேசிய தோரணையே மாறிவிட்டது.

வி.ஏ.ஓ.வின் பட்டியல்

புயல் முடிந்த சில நாளில் வீடு, படகு, வலை, ஆடு மாடு என்று சேதக் கணக்கு எடுப்பார்கள். அது வி.ஏ.ஓ.விடமிருந்து வருவாய் ஆய்வாளர், தாசில்தார், ஆட்சியர் என்று மேலே போய், கடைசியில் மாநில அரசு மத்தியக் குழுவிடம் காட்டும் கணக்கில் சேரும். வீடு இழந்தவர் தானே போய்ச் சொல்வார். சுவருக்கு யார் போய்ச் சொல்வது? முதல் தடவை எங்கள் சுவர் அந்தப் பட்டியலில் இல்லை. வி.ஏ.ஓ.வைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் வலைக்கும் எஞ்சினுக்கும் பெயர் கொடுப்பதில் மும்முரமாக இருந்தோம்.

ஆகவே முதல் மூன்று நாளுக்குள் நோட்டின் நகலை வி.ஏ.ஓ.விடமும், சுவர் கட்டிய துறையின் உதவிப் பொறியாளரிடமும், பி.டி.ஓ. அலுவலகத்திலும் கொடுத்து, தேதி போட்டுப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே மனுவுக்கு எண் தருவார்கள். அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள். கடலோர மாவட்டங்களில் மீனவர் குறைதீர் கூட்டம் தனியாக நடக்கும். துறை அதிகாரிகள் ஒரே மேஜையில் உட்கார்வதால், "அவங்களைக் கேளுங்க" என்று சொன்னால் அந்த அவங்களும் எதிரிலேயே இருப்பார்கள். நான் போனதில் உருப்படியான கூட்டம் இதுதான்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "ஏழை மீனவ மக்களின் கண்ணீரை" என்று தொடங்கும் மனுக்களை மேஜையில் அடுக்கடுக்காகப் பார்த்திருக்கிறேன். எங்கள் இரண்டாவது மனுவின் நடு வரிகள் இப்படி இருந்தன:

"கடல் அரிப்புத் தடுப்புச் சுவரில் வலைக்கூடத்திலிருந்து வடக்கே 140-ஆவது மீட்டர் முதல் 170-ஆவது மீட்டர் வரை, 30 மீட்டர் நீளத்துக்கு அடிக்கல் சரிந்து மேல்மட்டம் தாழ்ந்துள்ளது. 200-ஆவது மீட்டர் அருகே சுவரின் பின்புறம் இரண்டு இடங்களில் பள்ளம் விழுந்துள்ளது. சரிந்த பகுதியிலிருந்து 15 மீட்டருக்குள் 9 வீடுகளும் குடிநீர்க் குழாயும் உள்ளன. அக்டோபர் 2 கிராம சபைத் தீர்மானமும் முன்பின் படங்களும் இணைப்பு."

கீழே இரண்டு கோரிக்கைகள், தனித்தனியாக: சரிந்ததைச் சீரமைப்பது ஒன்று, சுவரை நீட்டுவது பற்றி ஆய்வு செய்வது இன்னொன்று. ஏன் பிரிக்க வேண்டும் என்றால், பணப்பை வேறு வேறு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசு 75 விழுக்காடும் தமிழ்நாடு அரசு 25 விழுக்காடும் போடுகின்றன. அது உடனடி நிவாரணத்துக்கும், சேதமானதை அவசரமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கும்தான். புதிதாகக் கட்டுவதற்கு அதில் இடமில்லை. புதிய வேலைக்கு நபார்டு கடன், மீன்வளத் திட்டங்கள் என்று வேறு வழிகள். 15-ஆவது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்கு அரிப்பைத் தடுக்கும் பணிகளுக்கென்றே தேசிய அளவில் 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடியும் ஒதுக்கப் பரிந்துரைத்தது. மாநில அரசும் 2023–24 பட்ஜெட்டில் நெய்தல் மீட்சி இயக்கத்துக்கு ஐந்தாண்டுக்கு 2,000 கோடி என்று அறிவித்தது. இரண்டையும் ஒரே கோரிக்கையாகக் கலந்து எழுதினால், சின்ன வேலை பெரிய வேலையோடு சேர்ந்து கிடப்பில் போகும்.

கல் கேட்பதற்கு முன் வடக்கே ஒரு நடை

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் சுவர் உடைந்த கோபத்தில் இருப்பவர்கள் முதலில் படிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே வைத்தேன்.

நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தெற்கத்திக் காற்றுக் காலத்தில் வடக்கே நகரும், வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். வருடக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே ஏதாவது ஒன்றைக் கடலுக்குள் நீட்டினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை பட்டினி கிடக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் இதனால்தான். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் போட்டார்கள். நகரத்துக் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல் வந்தது. அந்தக் கல் முடிந்த இடத்திலிருந்து அரிப்பு வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று எங்கள் பக்கம் வந்தது.

இங்கே எல்லை வேறு ஒரு சிக்கல். கரையோரமாக வடக்கே நடந்தால் முதலில் புதுச்சேரி, அப்புறம் தமிழ்நாடு, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. மணலுக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது. கல் போடும் துறைக்கு மட்டும் உண்டு. ஒரு அரசு தன் எல்லைக் கல்லோடு சுவரை நிறுத்திக்கொள்ளும். அலை அங்கிருந்து தொடங்கும்.

முன்னே சொன்ன நான்காவது சேதம் இதுதான். முனைக்கு அப்பால் கடிக்கிறதே என்று சுவரை இன்னும் 100 மீட்டர் நீட்டினால், கடி 100 மீட்டர் வடக்கே போகும். எங்கள் ஊர்க் கூட்டத்தில் எல்லாரும் கல், கல் என்று கத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, நமக்குக் கல்லு போட்டா கரை நிக்கும். சரி. வடக்க இருக்கறவன் எங்க போவான்?" என்றார். "அவங்களும் கல்லு கேப்பாங்க, பெரியப்பா" என்றேன். "கேப்பான். அதுவரைக்கும் அவன் படகை எங்க ஏத்துவான்? நம்ம பொண்ணுங்களத்தான் அங்க குடுத்திருக்கோம்" என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

படகு ஏற்றுவது சின்ன விஷயம் இல்லை. கல் சுவர் வந்த கரையில் ஃபைபர் போட்டைத் தள்ளி இறக்க இடமே இருக்காது. பக்கத்து ஊருக்குப் போய் நிறுத்த வேண்டும், அங்கே சச்சரவு வரும். ஆகவே மனுவோடு வடக்கு ஊரின் பஞ்சாயத்தாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு ஊர்க் கையெழுத்தோடு போன மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் வேறு மாதிரிப் பார்த்தார்கள்.

மாற்று வழிகள் இருக்கின்றன. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரியில் 2018-இல் கடலுக்கடியில் ஒரு தடுப்பை அமைத்த பின் நகரத்துக் கரையில் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கடலூர் பெரியகுப்பத்தில் மணல் நிரப்பிய பெரும் குழாய்களைக் கடலுக்கடியில் தடுப்பாகப் போட்டிருக்கிறார்கள். இவை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வீட்டு வாசலில் அலை அடிக்கும் இடத்தில் முதலில் கல்தான். ஆனால் "கல் வேண்டும்" என்று எழுதுவதைவிட, "கரை ஆய்வு செய்து தக்க முறையைச் சொல்லுங்கள், அதுவரை சரிந்த பகுதியைத் தாங்கிப் பிடியுங்கள்" என்று எழுதுவது நல்லது. 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்து, தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏறக்குறைய 43 விழுக்காடு அரிப்பில் இருப்பதாகத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கிட்டிருக்கிறது. எல்லாத்துக்கும் கல் போட மலை பத்தாது.

அனுமதியும் தீர்ப்பாயமும்

கடற்கரையில் புதிதாகக் கட்டும் எதற்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை குறுக்கே வரும். அரிப்புத் தடுப்பு வேலைக்கு அதில் இடம் உண்டு, ஆனால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் அவசரத்தில் தொடங்கினால் யாராவது பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், வேலை பாதியில் நிற்கும் வாய்ப்பு உண்டு. பாதிச் சுவர் முழுச் சுவரைவிட மோசம். நாமே அங்கே போக வேண்டி வந்தால், பொதுவாக ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை ஞாபகம் வையுங்கள். தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது.

அதைவிட அருகில் ஒரு கதவு இருக்கிறது. அந்த அறிவிக்கைப்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவில் ஒரு குழு இருக்க வேண்டும். அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமுதாயத்தினர் குறைந்தது மூன்று பேர் உறுப்பினர். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் யாருக்கும் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாமல் இருந்தது.

நாங்கள் செய்த தப்பு

மாண்டஸுக்குப் பின் அரசாங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, இளைஞர்கள் எல்லாரும் சேர்ந்து மணல் மூட்டை அடுக்கினோம். சாக்கு ஊர்ப் பணத்தில், வேலை எல்லாரும். சாயந்திரத்துக்குள் 600 மூட்டை. பத்திரிகையில்கூடப் படம் வந்தது. மணலை எங்கிருந்து எடுத்தோம்? சுவருக்குக் கொஞ்சம் தெற்கே இருந்த மணல்மேட்டிலிருந்து, அடம்பங்கொடி படர்ந்திருந்த மேடு. பக்கத்தில் இருந்ததால் எடுத்தோம். மூட்டைகள் இருபது நாளில் கிழிந்து போயின. அடுத்த புயலில் அந்த மேடு இருந்த இடத்தின் வழியாகத்தான் தண்ணீர் ஊருக்குள் வந்தது. மணல்மேடு அறிவிக்கையின்படியே தொடக்கூடாத பகுதி என்பது அப்புறம்தான் தெரிந்தது. மூட்டை போட வேண்டியிருந்தால் வெளியிலிருந்து லாரியில் மண் வாங்குங்கள். இடித்த வீட்டுச் செங்கல்லையும் சுவர்மேல் கொட்டாதீர்கள். முதல் பெரிய அலையிலேயே அது கரையெல்லாம் பரவி வலை இழுக்கிறவர் காலைக் கிழிக்கும்.

சவுக்கும் அடம்பும் அந்த இடத்தில் மறுபடி வைத்திருக்கிறோம். பிழைத்தது பாதி.

போன மாதம் நானும் இரண்டு பசங்களும் கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தோம். 15-ஆம் எண் கல் கடல் பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது, எண் தலைகீழாகத் தெரிகிறது. 22-ஐக் காணவில்லை. 200-ஆவது மீட்டர் பள்ளத்தில் இப்போது ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. மீதி எண்கள் வெளுத்துவிட்டன. அடுத்த கிராம சபைக்குள் இன்னொரு கோட் அடிக்க வேண்டும், பெயின்ட் டப்பா வலைக்கூடத்தில்தான் இருக்கிறது.